பசி இல்லையாம்!

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

போன வாரம் நம் நாட்டு டென்னிஸ் வீரர் ஒருவர் வெளிநாட்டில் தகுதிச் சுற்றிலேயே தோற்ற செய்தியை இங்கே பகிர்ந்திருந்தேன். அதன் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு மனசு சரியில்லை. "நம்ம பசங்களுக்குப் பசி கிடையாது சார்." "ஊர் சுத்திப் பார்க்கப் போறாங்க." "ஜோகோவிச் குண்டு விழுந்த ஊர்ல, காலி நீச்சல் குளத்துல ஆடிப் பழகினவர். இவங்களுக்கு என்ன குறைச்சல்?" எழுதியவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். மீதிப் பேர் என்னோடு பணியாற்றியவர்கள்.

அதே வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. பழைய மாணவன். சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறான். மகனுக்கு 14 வயது, மாவட்ட அளவில் டென்னிஸில் ஜெயிக்கிறான். "சார், பையனை இந்த வருஷத்தோட ஸ்கூலை நிறுத்திட்டு முழுநேரமா அகாடமியில சேர்க்கப் போறோம். வீட்டு மேல கடன் வாங்கலாம்னு இருக்கேன். நீங்கதானே சார் பிரேயர்ல சொல்வீங்க, உழைச்சவன் தோத்ததே இல்லைன்னு" என்றான்.

சொன்னேன்தான். 31 வருடம் காலை வழிபாட்டில் சொல்லியிருக்கிறேன். கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் சொன்ன வாக்கியம் அது. இப்போது போட்டுப் பார்க்கலாம்.

டென்னிஸ் என்றால் நமக்கு விம்பிள்டன்தான். 2025-ல் அங்கே ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்ட். நம் பணத்தில் சுமார் 35 கோடி. முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்ட், அதாவது 75 லட்சத்துக்கு மேல். "தோத்தாலே முக்கால் கோடியா!" என்று வாயைப் பிளக்கிறோம். அந்த முதல் சுற்றில் நிற்பவர்கள் 128 பேர். நேரடி இடம் கிடைப்பது உலகத் தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கு. மற்றவர்கள் தகுதிச் சுற்றில் அடித்துப் பிடித்து உள்ளே வர வேண்டும்.

நூறுக்கு வெளியே இருப்பவர்கள் எங்கே ஆடுகிறார்கள்? கொஞ்சம் மேலே இருப்பவர்கள் சேலஞ்சர் போட்டிகளில். அதற்கும் கீழே இருப்பவர்கள் துனிசியாவின் மொனாஸ்டிரிலும் துருக்கியின் அண்டால்யாவிலும் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலும் வாரா வாரம் நடக்கும் 15,000 டாலர் போட்டிகளில். அந்த 15,000 மொத்தப் போட்டிக்கும் சேர்த்து. ஒற்றையர் பிரதான சுற்றில் 32 பேர். முதல் சுற்றிலேயே 16 பேர் வெளியே. அவர்களுக்குத் தலைக்கு 156 டாலர். நம் பணத்தில் 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஐந்து ஆட்டங்களும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்குகிற ஒருவருக்கு 2,160 டாலர். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு ஸ்ட்ரிங் போடுகிற காசு எல்லாம் சொந்தக் கணக்கு.

செலவு எவ்வளவு? சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2013-ம் ஆண்டுக்கு ஒரு கணக்கு எடுத்தது. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே ஓர் ஆண் வீரருக்கு வருடத்துக்குச் சராசரியாக 38,800 டாலர். பெண்ணுக்கு 40,180 டாலர். இன்றைக்கு விமானக் கட்டணம் எங்கே போயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வகுத்துப் பாருங்கள். 38,800-ஐ 2,160-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18. ஒரு வருடத்தில் 18 கோப்பைகள். வாரா வாரம் ஐந்து ஆட்டம் வீதம் 90 ஆட்டங்கள், ஒன்றில்கூடத் தோற்காமல். அப்படி ஜெயித்தால், 2013-ன் விலைவாசியில், பயிற்சியாளர் இல்லாமல், கையில் காலணா மிச்சமில்லாமல் வருடத்தை முடிக்கலாம். வரிப் பிடித்தத்தை நான் இன்னும் கழிக்கவில்லை. எந்தப் பசி இந்தக் கணக்கைச் சரி செய்யும்?

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அந்த வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் ஏறத்தாழ 14,000 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பரிசாக ஒரு டாலர்கூடப் பார்க்கவில்லை. ஆண்களுக்கான மொத்தப் பரிசுப் பணத்தில் 60 விழுக்காட்டை வாங்கிப் போனவர்கள் 50 பேர். செலவும் வரவும் சமமாவது ஆண்களில் 336-வது இடத்தில், பெண்களில் 253-வது இடத்தில். இதுவும் பயிற்சியாளரைச் சேர்க்காமல்.

உலகத்தில் 336-வது இடம்! உலகத்தின் 336-வது சிறந்த இதய மருத்துவர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவாரா? கிரிக்கெட்டையே எடுங்கள். ரஞ்சி ஆடும் லெவனில் இடம் பிடித்தவருக்கு ஒரு நாளைக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை ஆட்டச் சம்பளம். நான்கு நாள் ஆட்டத்துக்குக் குறைந்தது 1.6 லட்சம், தோற்றாலும் உண்டு. டென்னிஸ் பையன் கடல் தாண்டிப் போய் ஐந்து நாடுகளின் ஆட்களை அடித்து வீழ்த்தினால் சுமார் 1.9 லட்சம். இரண்டாம் நாளே தோற்றால் 13,000.

"இது கடைசி வரிசைக் கதை, நல்லா ஆடுறவனுக்கு வராமலா போகும்?" என்பீர்கள். சரி, நல்லா ஆடுகிறவர் ஒருவரைப் பார்ப்போம்.

சுமித் நாகல். ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம். அப்பா நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். 2019 அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் பெடரருக்கு எதிரே நின்று முதல் செட்டை 6-4 என்று பறித்தார். நாமெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தோம். அதே வருடத் தொடக்கத்தில் கனடாவிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்தபோது தன் பையில் இருந்தது 6 டாலர் என்று அவரே பிறகு சொன்னார். 2023 செப்டம்பரில் அவர்தான் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர். அப்போது வங்கியில் இருப்பது 900 யூரோ என்று பி.டி.ஐ. செய்தியாளரிடம் சொன்னார். வருடச் செலவு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை. பரிசுப் பணம், வேலைச் சம்பளம், உதவித்தொகை எல்லாவற்றையும் ஆட்டத்திலேயே கொட்டிய பிறகு மிச்சம் அது. வழக்கமாகப் பயிற்சி எடுக்கும் ஜெர்மனி அகாடமிக்கு அந்த வருடத்தின் முதல் மூன்று மாதங்கள் போகவே காசில்லை.

நாலு மாதம் கழித்து, 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன். தகுதிச் சுற்றில் மூன்று பேரை வென்றார். பிரதான சுற்றில் 31-ம் நிலை புப்லிக்கை வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரவரிசை இடம் பெற்ற ஒருவரை இந்திய ஆண் வீரர் வென்றது, 1989-ல் நம் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்ற பிறகு அதுவே முதல் முறை. கிடைத்த பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் சென்னைக்கு வந்து சேலஞ்சர் பட்டத்தை வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார்.

இப்போது பின்னூட்ட நண்பர்கள் சொல்லட்டும். செப்டம்பரில் இல்லாத பசி ஜனவரியில் எங்கிருந்து வந்தது? அதே ஆள், அதே பசி. நாலு ஆட்டம் கூடி வந்தது. மெல்போர்ன் தகுதிச் சுற்றிலேயே ஓர் ஆட்டம் தவறியிருந்தால், "பாருங்க, ஊர் சுத்தப் போயிட்டான்" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

ஜோகோவிச்சை உதாரணம் காட்டுகிறீர்களே, அதே ஜோகோவிச்தான் 2020-ல் போஸ்பிசிலோடு சேர்ந்து வீரர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். கீழே இருப்பவர்களும் இந்த ஆட்டத்தில் பிழைக்க வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணங்களில் முக்கியமானது. காலி நீச்சல் குளத்தை நினைவு வைத்திருக்கிற நாம் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். 2025 மார்ச்சில் அந்தச் சங்கம் ஏ.டி.பி., டபிள்யூ.டி.ஏ., சர்வதேசக் கூட்டமைப்பு எல்லோர் மீதும் நியூயார்க்கில் வழக்கே போட்டது.

அடுத்த வாதம், "பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்கு யார் பணம் தருவார்?" நியாயமான கேள்வி. பார்க்கத்தான் ஆளில்லை, பந்தயம் கட்ட ஆள் இருக்கிறது! அந்த 15,000 டாலர் போட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் ஒவ்வொரு புள்ளியையும் கையிலுள்ள கருவியில் அழுத்துகிறார். அந்த நேரடி ஸ்கோரைச் சர்வதேசக் கூட்டமைப்பு 2012-லிருந்து ஒரு தரவு நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து சூதாட்ட நிறுவனங்களுக்குப் போனது. யாரும் பார்க்காத மைதானத்தில் ஆடுகிறவனுடைய ஒவ்வொரு சர்வீஸிலும் எங்கோ ஒருவன் பணம் கட்டுகிறான். ஆடுகிறவனுக்கு 156 டாலர்.

விளைவு என்ன? 2018-ல் ஆடம் லூயிஸ் தலைமையிலான குழு இதை விசாரித்தது. 3,200-க்கு மேற்பட்ட வீரர்களிடம் கேட்டதில் 464 பேர், அதாவது ஏழில் ஒருவர், ஆட்டத்தை விற்பது பற்றித் தமக்கு நேரடியாகத் தெரியும் என்றார்கள். பிழைக்க முடியாத வீரர்களின் கூட்டத்தையும் கீழ்நிலைப் போட்டிகளின் தரவு விற்பனையையும்தான் அந்தக் குழு காரணமாகக் காட்டியது. ஆட்டத்தை விற்றவனை நான் நியாயப்படுத்தவில்லை. அவனைப் பிடித்துத் தடை போடுகிறீர்கள், சரி. அந்தச் சந்தையைத் திறந்துவிட்டவர்களுக்கு என்ன தண்டனை?

தோற்றால் திட்டும் கிடைக்கும். 2024-ல் மட்டும் 458 பேருக்கு இணையத்தில் வசைகள் வந்ததாக டபிள்யூ.டி.ஏ.வும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பத்தில் நான்கு வசை, பணம் கட்டித் தோற்றவர்களுடையது. நம் பின்னூட்டங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். பணம் கட்டாமலே திட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாமே இருட்டு என்று சொல்ல மாட்டேன். 2024-லிருந்து ஏ.டி.பி. ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2024-ல் முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை 1.5 லட்சம், 250 வரை 75,000 என்று இருந்தது. நல்ல காரியம். ஆனால் 251-ல் கதவு மூடிவிடுகிறது. பையன்கள் ஏறி வருவது 251-க்குக் கீழே இருந்துதானே?

வழி இருக்கிறது. இத்தாலியைப் பாருங்கள். சேலஞ்சர் போட்டிகளைத் தம் ஊர்களிலேயே நிறைய நடத்தினார்கள். இளைஞர்கள் ரயில் ஏறிப் போய் ஆடித் தரவரிசைப் புள்ளி சேர்த்தார்கள். சின்னர் ஒருவரோடு நிற்காமல் ஒரு படையே வந்தது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் டேவிஸ் கோப்பை அவர்களுக்கு. நாம் என்ன செய்தோம்? 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஏ.டி.பி. போட்டியை விட்டோம். 2018-ல் புனேக்குப் போனது. பிறகு நாட்டை விட்டே போனது. 2009-ல் அதே நுங்கம்பாக்கத்தில் வைல்ட் கார்டு கிடைத்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிப் போட்டி வரை போனதை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். வீட்டு வாசலில் போட்டி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பழைய மாணவனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மேலே போட்ட கணக்கை அப்படியே அவனுக்கும் போட்டுக் காட்டினேன். "பையனை ஆட விடு, ஆட்டத்தை நிறுத்தாதே. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தாதே. வீட்டைத் தொடாதே" என்றேன். அதே சோம்தேவ் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரிச் சாம்பியன் ஆனவர். பிறகுதான் உலகின் 62-ம் இடம் வரை போனார். படிப்பு அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. எட்டு கிராண்ட்ஸ்லாம் வென்ற அகாசி ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சம்பாதித்த பிறகு அவர் லாஸ் வேகாஸில் ஏழைப் பிள்ளைகளுக்காகக் கட்டியது டென்னிஸ் அகாடமி இல்லை, ஒரு பள்ளிக்கூடம். 2001-ல் திறந்தார்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீங்க பிரேயர்ல சொன்னது பொய்யா சார்?" என்றான்.

"பாதிதான்ப்பா சொன்னேன். மீதிக் கணக்கை இன்னிக்குத்தான் போட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கடன் யோசனையை நிறுத்தி வைத்திருக்கிறான். பையன் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனானாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிபாட்டில் சாம்பியன் கதை சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த 16 பேரின் கதையையும் சொல்லுங்கள். அவர்களும் நாலு மணிக்கு எழுந்தவர்கள்தான். உழைக்காததால் தோற்றார்கள் என்று ஒரு பிள்ளை நம்பி வளர்ந்தால், நாளைக்கு அவன் தோற்கும்போது தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வான். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை நம் பிள்ளை ஒருவர் எங்கோ ஒரு தகுதிச் சுற்றில் தோற்றார் என்று செய்தி வந்தால், பின்னூட்டம் போடுவதற்கு முன் 38,800-ஐ 2,160-ஆல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். என்னிடம் படித்தவர்களுக்கு வகுத்தல் நன்றாகவே தெரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எண்ணோடு வாருங்கள்.