நூலின் குற்றமறியும் கருவி: தேர்வு யாருடையது?

கூட்டுறவு நூற்பாலை ஒன்று தனது பழைய கோன் சுற்றும் யந்திரங்களை நீக்கிப் புதியன வாங்க முற்படும்போது, விலையும் தவணையும் வேகமும் நெடுநேரம் விவாதிக்கப்படுவது வழக்கம். ஆனால் அந்த யந்திரத்தின் ஒவ்வொரு உருளைக்கும் நேராகப் பொருத்தப்படும் குற்றமறியும் உணர்கருவியைப் பற்றிய பேச்சு சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. விலை மிகுந்ததே சிறந்தது என்பார் சிலர். விலை குறைந்ததே போதும் என்பார் சிலர். இவ்விரண்டும் பிழையான வழிகள் என்பது நமது அபிப்பிராயம். இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விற்பனையாளரின் விலைப்பட்டியலுக்கு உரியதன்று; நூலை நெய்பவருக்கும் பருத்தியை விளைவிப்பவருக்கும் உரியது.

காரணம் வெளிப்படை. நூற்பாலையில் ஒற்றை நூலின் முழு நீளமும் ஒரே இடத்தைக் கடந்து, அங்குலம் அங்குலமாகப் பார்வைக்கு உட்படுவது கோன் சுற்றும் இடத்தில்தான். அங்கே தப்பிய குற்றத்தை அடுத்துக் காண்பவர் நெசவாளரே. பாவில் அறுந்த இழையை முடிவது அவர் கை. துணியில் தெரியும் தடிப்புக்காகக் கூலியில் பிடித்தம் காண்பதும் அவர் குடும்பமே.

முற்காலத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு நுண்ணிய இடுக்கு அமைத்து, அதன் வழியே நூலை ஓடவிட்டார்கள். தடித்த இடம் இடுக்கில் சிக்கி அறுந்துபோகும். ஆயினும் மெல்லிய தடிப்புகள் நசுங்கி நழுவிவிடும்; மெலிந்த இடங்களோ தடையின்றிக் கடந்துவிடும். தடிப்பு எவ்வளவு நீளமுடையது என்பதையும் அந்த இடுக்கு அறியாது. 1960ஆம் ஆண்டையொட்டி மின்னணு முறையில் இயங்கும் கருவிகள் வந்தபின் இக்குறை நீங்கலாயிற்று. நிமிஷத்திற்கு 1,200 மீட்டர் வேகத்தில் ஓடும் நூலில், 1 சென்டிமீட்டர் நீளமுள்ள தடிப்பு கருவியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் 2,000இல் ஒரு பங்குதான். அந்த நேரத்திற்குள் அதனை அளந்து, வெட்டவேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஆற்றல் இக்கருவிகளுக்கு உண்டு.

இவற்றுள் முக்கியமானவை இரண்டு வகை. முதலாவது மின்தேக்கி முறை. இரண்டு மின்தகடுகளுக்கு இடையே நூல் செல்லும்போது, அங்குள்ள பஞ்சின் கனத்துக்கேற்ப மின்னளவு மாறுகிறது, அம்மாற்றமே கணக்கு. இரண்டாவது ஒளி முறை. நூலின்மீது ஒளியைச் செலுத்தி, அது மறைக்கும் அளவைக்கொண்டு பருமனை அறிவது இது. ஒன்று நூலின் கனத்தை நிறுக்கிறது. மற்றது நூலின் தோற்றத்தைப் பார்க்கிறது. தராசும் கண்ணும் ஒரே வேலையைச் செய்வனவல்ல என்பதை அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

தராசுக்கு நிறம் தெரியாது. ஆகையால் சாயமேற்றிய நூலும் வெள்ளை நூலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஈரம் அதற்குப் பகை. ஈரம் ஏறிய நூல் அதற்குக் கனத்த நூலாகத் தோன்றும். மின்சாரத்தைக் கடத்தும் உலோக இழை கலந்த நூலிலும் அதன் கணக்கு பிழைபடும். கண்ணுக்கு ஈரத்தால் இவ்வளவு தொல்லையில்லை. எனினும் முறுக்குத் தளர்ந்து பஞ்சு பரந்த இடம், கனம் கூடாதிருந்தும், அதற்குத் தடிப்பாகப் படும். பஞ்சுத் தூசி படிந்தால் பார்வையும் மங்கும். எனவே காற்றின் ஈரப்பதத்தைச் சீராக வைத்திருக்கும் ஆலைக்கு மின்தேக்கி முறை நன்கு உதவும். மழைக்காலத்தில் ஒரு நிலையும் கோடையில் வேறு நிலையுமாக இருக்கும் கூடத்திலும், உலோக இழை நூல் சுற்றும் இடத்திலும் ஒளி முறையை முதலில் பரிசீலிப்பதே உசிதம்.

‘எல்லாக் குற்றங்களையும் காணும் கருவியை வாங்கி, மிகக் கடுமையாக அமைத்துவிட்டால் நெசவாளருக்கு நன்மைதானே?’ என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு வேண்டும். 40ஆம் நம்பர் நூல் 1 கிலோவில் ஏறக்குறைய 68 கிலோமீட்டர் நீளம் இருக்கும். 1.8 கிலோ எடையுள்ள கோன் ஒன்றில் சுமார் 122 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 50 வெட்டு என்று கொண்டால், அந்தக் கோனில் 61 இணைப்புகள் இருக்கும். கருவியைக் கடுமையாக்கி வெட்டுகளை 100 ஆக்கினால் இணைப்புகள் 122 ஆகிவிடும். ஒவ்வொரு குற்றத்தையும் நீக்கிய இடத்தில் ஓர் இணைப்பு வருகிறது. காற்றால் பிணைக்கும் நல்ல இணைப்பும் மூல நூலின் வலிமையை முற்றிலும் எட்டுவது அரிது. ஓர் இணைப்புக்கு 10 விநாடி என்று வைத்துக்கொண்டால், முன்னதில் 10 நிமிஷமும் பின்னதில் 20 நிமிஷமும் உருளை சும்மா நிற்கும். துணியில் தெரியாத சிறு தடிப்பை வெட்டி, அறுந்துவிடக்கூடிய ஓர் இணைப்பை நெசவாளர் தலையில் கட்டுவது உபகாரமாகாது.

ஆகவே, எந்தக் குற்றம் துணியைக் கெடுக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்கு வழிகாட்டும் முறையும் இருக்கிறது. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாசிமட் முறை, தடிப்புகளை நீளத்தால் நான்கும் கனத்தால் நான்குமாக 16 வகுப்புகளாக்கி, 1 லட்சம் மீட்டருக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டிற்று. 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய தடிப்பு முரட்டுத் துணியில் மறைந்துவிடும். 4 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, நூலின் இயல்பான கனத்தைப்போல் ஐந்து மடங்கைக் கடந்த தடிப்போ எந்தத் துணியிலும் மறையாது. வேட்டிக்கு வேண்டிய அளவு வேறு, துண்டுக்கு வேண்டிய அளவு வேறு. அதைச் சொல்லத்தக்கவர் தறியில் அமர்ந்திருப்பவரே.

இனி, விவசாயிகளைத் தொட்ட விஷயத்திற்கு வருவோம். பருத்தியில் கலந்துவிடும் தலைமயிர், சணல் நார், சாயத்துணி இழை ஆகியவற்றைக் கண்டுபிடிக்க, நூலிலிருந்து திரும்பிவரும் ஒளியின் நிற வேற்றுமையை அறியும் உணர்கருவிகள் இருக்கின்றன. வெள்ளை நூலுக்கு இவை மிகப் பயன்படும். பல நிறப் பஞ்சைக் கலந்து நூற்கும் நூலுக்கு அவ்வளவாகப் பயன்படா. ஆனால் பிளாஸ்டிக் சாக்கிலிருந்து பிரியும் வெண்மையான பாலிபுரொபிலீன் இழை பருத்தியின் நிறத்தையே ஒத்திருப்பதால், நிறம் பார்க்கும் கருவி அதனிடம் எளிதில் ஏமாறுகிறது. பருத்திக்குரிய சாயம் அதில் ஏறாது. துணி சாயத்தொட்டியிலிருந்து வெளிவந்த பிறகே வெள்ளைக் கீற்றாக அது தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்போது நஷ்டம் முழுத்துணிக்கும் ஆகும். உராய்வினால் எழும் மின்னூட்டத்தைக்கொண்டு இவ்விழையை அறியும் தனிக் கருவிகளும் உண்டு. 60 உருளைகள் உள்ள யந்திரத்தில் அதற்கும் 60 கருவிகள் வேண்டுமென்பதை மறக்கலாகாது.

வயலில் ஒரு துணிப்பையால் தடுக்கக்கூடியதை ஆலையில் 60 கருவிகளால் துரத்துவது சிக்கனமன்று. பருத்தி எடுக்கும் பெண்கள் தலையைத் துணியால் கட்டிக்கொள்வதும், எடுத்த பருத்தியைப் பருத்தித் துணிப் பையில் சேர்ப்பதும், பிளாஸ்டிக் சாக்கைக் களத்திற்கு வரவிடாதிருப்பதும் சிறு காரியங்கள். ஆனால் அச்சிரமத்தை விவசாயி மட்டும் சுமக்கவேண்டும் என்பது நியாயமாகாது. துணிப்பையைச் சங்கமே கொடுக்கட்டும். சுத்தமான பருத்திக்கு விலையில் வேறுபாடு காட்டட்டும். கருவிக்குச் செலவிடுவதாக இருந்த தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கைத்தறிக்குச் செல்லும் சிட்டா நூல் கோனிலிருந்து எடுத்துச் சுற்றப்படாமல், கதிரிலிருந்து இறக்கிய பாபின்களிலிருந்து நேரே சுற்றப்படுமாயின், அது இந்தக் கருவியின் முன் வருவதே இல்லை. அங்கத்தினர்களின் பங்குப் பணத்தால் வாங்கிய கருவி, வெளிச்சந்தைக்குப் போகும் கோன் நூலை மட்டும் சுத்தம் செய்து, அங்கத்தினராகிய கைத்தறியாளருக்குச் சுத்தம் செய்யாத நூலைத் தருவது கூட்டுறவு முறைக்கு ஒவ்வாதது.

ஆகையால் நிர்வாகக் குழுக்களுக்கு நாம் கூறுவது இதுவே. கருவி வாங்குமுன் இரண்டு வகைகளையும் நமது பருத்தியில், நமது கூடத்தின் ஈரத்தில், நமது நம்பர் நூலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவை வெட்டிய துண்டுகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, நெசவாளர் பிரதிநிதிகள்முன் வைத்து, ‘இவற்றுள் எவை உங்கள் துணியைக் கெடுத்திருக்கும்?’ என்று கேட்க வேண்டும். சுற்றிய நூலை இரண்டு தறிகளில் நெய்து, அறுப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வாரந்தோறும் கருவிகளைத் துடைத்துச் சரிபார்க்க ஒருவரைப் பழக்க வேண்டும். ஒரு கருவி குருடாகிவிட்டால் அந்த உருளையின் கோன்கள் நல்ல கோன்களோடு கலந்து, எந்தப் பெட்டியில் குற்றம் என்று அறிய முடியாமற் போய்விடும்.

கருவி குற்றத்தைக் காணும். குற்றம் எது என்று தீர்மானிக்காது. அத்தீர்மானம் அங்கத்தினர்களுடையது. அடுத்த பொதுக்குழுவில் யந்திரக் கொள்முதல் பற்றிய தீர்மானம் படிக்கப்படும்போது, விலை என்ன என்று கேட்பதோடு, எந்தக் குற்றத்திற்காக இந்தக் கருவி என்றும் எழுந்து கேளுங்கள்.