தாத்தாவின் மூன்று நட்சத்திரம்

ஒரு குடும்பம் செண்பகத்தோப்புக்குப் போய்வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு வேனில் பயணம். அப்பா, அம்மா, பேரன், பேத்தி, சர்க்கரை நோயால் பார்வையை இழந்த தாத்தா. பிள்ளைகள் மரக்கிளைகளில் சாம்பல் நிற அணிலைத் தேடுகிறார்கள். 1988-ல் இந்தக் காடு சரணாலயம் ஆனதே அந்த அணிலுக்காகத்தான். தாத்தாவுக்கு அதன் உரத்த குரலைக் கேட்டதே போதும்.

வீடு திரும்பியதும், தங்கிய விடுதியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வருகிறது. ‘எங்கள் சேவை எப்படி இருந்தது? மதிப்பிடுங்கள்!’ பேரன் தன் போனில் ஐந்தாவது நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். சொல்வதற்கு விஷயம் இருப்பது தாத்தாவிடம்தான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வாசற்படிகளில் ஒன்று உயரம், ஒன்று தாழ்வு.

அவருடைய போனில் ‘டாக்பேக்’ இருக்கிறது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லும் வசதி அது. ஆனால் நட்சத்திரங்களின் மேல் விரலை வைத்தால் ‘படம், படம், படம்’ என்று மட்டுமே சொல்கிறது. எது ஒன்று, எது ஐந்து என்று தெரியவில்லை. தாத்தா போனைக் கீழே வைத்துவிடுகிறார்.

நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. அடுத்த மாதம் அதே விடுதியைத் தேடும் இன்னொரு தாத்தாவின் குடும்பம், 4.8 என்ற சராசரியைப் பார்த்து அறை எடுக்கும். கம்பி இல்லாத குளியலறை அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. குறையைக் கண்டவர் படிவத்துக்கு வெளியே நின்றுவிட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர்.

கோளாறு எங்கே? நட்சத்திரங்களை வெறும் படங்களாக வரைந்து, தட்டினால் மதிப்பெண் விழும்படி செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது கேள்வி. திரையைப் படிக்கும் மென்பொருளுக்கு அது படம். இதற்கு மருந்து புதிதல்ல. ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘ரேடியோ பட்டன்’ 1990-களிலிருந்தே இணையப் பக்கங்களில் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு அடியில் அதை வைத்தால் போதும். வட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்றால், பார்வையிலிருந்து மட்டும் மறைக்கலாம். முழுக்க நீக்கிவிட்டால் மென்பொருளுக்கும் அது இல்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வேண்டும். ‘ஐந்துக்கு மூன்று, பரவாயில்லை’ என்று சொற்களில் இருந்தால் தாத்தாவுக்குக் குழப்பம் இல்லை. ஐந்து பட்டன்களையும் ஒரே குழுவாக்கி, ‘அறை எப்படி இருந்தது?’ என்ற கேள்வியை அந்தக் குழுவின் தலைப்பாக வைக்க வேண்டும். பக்கம் தமிழில் இருக்கிறது என்பதை அதன் நிரலிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று மென்பொருள் திணறும்.

இன்னும் சில உண்டு. தட்டிய உடனே மதிப்பீடு போய்விடக் கூடாது. கை நடுங்குபவர் ஐந்துக்குப் பதில் இரண்டைத் தொட்டுவிடலாம். திருத்திக்கொள்ள வாய்ப்பு தந்து, ‘அனுப்பு’ பட்டனைத் தனியாக வையுங்கள். விட்டுப்போன கேள்வியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், ‘இதற்குப் பதில் தேவை’ என்று எழுத்திலும் சொல்லுங்கள். அனுப்பியபின் வரும் ‘நன்றி’ காதிலும் விழ வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான உலக இணைய அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. நெருக்கமாக இருக்கும் சின்ன நட்சத்திரங்கள் இதில் தேறாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்திலும் அணுகல் வேண்டும் என்கிறது. வெறும் பரிந்துரையாக இருந்த விதிகள் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ராஜபாளையத்தில் விடுதி நடத்துபவரோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூரியரில் பால்கோவா அனுப்புபவரோ நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையதளம் செய்து தருபவரிடம் பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்தால் போதும். முதலில் மவுஸைக் கழற்றிவிட்டு, கீபோர்டின் ‘டேப்’, அம்புக்குறி விசைகளால் மட்டும் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். அடுத்து, போனில் டாக்பேக்கை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முயலுங்கள். கணினியில் சோதிக்க ‘என்விடிஏ’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த இடத்தில் நீங்கள் தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தில்தான் வாடிக்கையாளரும் போனைக் கீழே வைக்கிறார்.

படிவம் சரியாக இருந்திருந்தால் தாத்தா மூன்று நட்சத்திரம்தான் கொடுத்திருப்பார். விடுதிக்காரருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் குளியலறையில் ஒரு கம்பி வேண்டும் என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும், யாரும் வழுக்கி விழுவதற்கு முன்பே.