சீட்டைக் கலைத்தது கம்ப்யூட்டர்... குட்டை உடைத்தது கடிகாரம்!

இணையத்தில் காசு வைத்து போக்கர் சீட்டாடுவது சூடுபிடித்திருந்த 1999-ம் ஆண்டு. 'எங்கள் ஆட்டத்தில் தில்லுமுல்லு இல்லை' என்று காட்ட, சீட்டைக் கலைக்கும் புரோகிராமையே பகிரங்கமாக வெளியிட்டிருந்தது ஏ.எஸ்.எஃப் சாஃப்ட்வேர் நிறுவனம். அதைப் படித்துப் பார்த்த அமெரிக்காவின் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் நிபுணர்கள், எதிராளியின் கையில் இருக்கும் சீட்டு என்ன, அடுத்து வரப்போவது என்ன என்பதையெல்லாம் ஆட்டம் நடக்கும்போதே கண்டுபிடித்துக் காட்டினார்கள்!

எப்படி முடிந்தது? சி மொழி படிக்கும் முதலாமாண்டு மாணவருக்கே புரிகிற விஷயம்தான்.

அரே என்னும் அலமாரி

52 சீட்டுகளையும் வைக்க 'அரே' வேண்டும். 52 அறைகள் கொண்ட அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். சி மொழியில் முதல் அறையின் எண் 0, கடைசி அறையின் எண் 51. கடைசி அறையில் தொடங்கி, ஒவ்வொரு சீட்டையும் ரேண்டம் எண் காட்டும் அறையில் உள்ள சீட்டோடு இடம் மாற்றிக்கொண்டே வந்தால் கட்டு கலைந்துவிடும்.

விதை ஒன்று, வரிசையும் ஒன்று

அந்த எண்ணைத் தருவது 'ரேண்ட்' ஃபங்ஷன். ஆனால், அது மனம்போன போக்கில் எண் தருவதில்லை. 'விதை' எனப்படும் தொடக்க எண்ணை வைத்துக் கணக்குப் போட்டே தருகிறது. விதை கொடுக்காவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்கள், அதே வரிசை! அதனால்தான், 'எஸ்ரேண்ட்' மூலம் அப்போதைய நேரத்தை விதையாகக் கொடுக்கச் சொல்லித்தருகிறார்கள்.

மாட்டிக்கொண்டது இங்கேதான்

வேறு மொழியில் எழுதப்பட்ட அந்த போக்கர் புரோகிராமும் இதையே செய்தது. நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகள்தான் விதை. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளை எண்ணினால் 68 இலக்கம் வரும். ஒரு நாளைக்கு இருப்பதோ 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்டுகள்தான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்தியதும், அதுவும் சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. கையில் 2, மேஜையில் 3 என 5 சீட்டுகள் தெரிந்தால் போதும், மிச்சத்தை கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

காலேஜ் லேபில் தாயக்கட்டை உருட்டிப் பார்க்க கடிகார விதை போதும். பணம், பாஸ்வேர்டு, ஓ.டி.பி என்று வந்துவிட்டால் 'ரேண்ட்' பக்கமே போகக் கூடாது. அதற்கென்றே ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் பாதுகாப்பான ரேண்டம் எண்கள் இருக்கின்றன. லினக்ஸில் அதன் பெயர் 'கெட்ரேண்டம்'.

கடிகாரம் எல்லோர் வீட்டுச் சுவரிலும்தான் தொங்குகிறது. அதைப் பார்த்து ரகசியம் செய்தால், அது எத்தனை நாளுக்கு ரகசியமாக இருக்கும்?