விட்டுக்கொடுக்கும் பசை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு நாற்காலி இருக்கிறது. அப்பா உத்தியோகத்தில் சேர்ந்த வருஷம் செய்வித்தது. அவர் காலமான பிறகு அம்மா அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. தானும் உட்காருவதில்லை. தினம் காலையில் துடைத்து வைப்பதோடு சரி.

போன வருஷம் ஊரிலிருந்து வந்த பெரியப்பா, அம்மா வாய் திறப்பதற்குள் அதில் அமர்ந்துவிட்டார். பெரியப்பா சற்றுக் கனமான மனிதர். பின்கால் ஒன்று கழன்றது.

கல்லூரியில் ரசாயனம் படித்தவன் அல்லவா நான்? கடையில் வெள்ளைப் பசை ஒரு டப்பா வாங்கி வந்தேன். கழன்ற இடத்தில் தாராளமாக ஊற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். பார்வைக்குப் பிரமாதமாக ஒட்டிக்கொண்டது. நாலாவது மாதம் மறுபடியும் கால் ஆடத் தொடங்கியது.

அதன் பிறகுதான் ஆசாரியாரைக் கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். அந்த நாற்காலியைச் செய்தவர் அவருடைய தகப்பனார். பொருத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளே பழைய வச்சிரம் இருந்ததே, அதைச் சுரண்டி எடுத்தீங்களா?" என்றார்.

"இல்லை, ஆசாரியாரே."

"அழுக்குமேலே சுண்ணாம்பு அடிச்ச கதைதான். பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை."

வச்சிரம் என்றால் வைரமோ இந்திரனின் ஆயுதமோ அல்ல. மாட்டுத் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கும் தச்சர் பசை. தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கொதியில் கரைந்து ஜெலட்டினாகிறது. அதை உலர்த்தி வில்லைகளாக விற்பார்கள். குளிர்ந்த நீரில் ஊறப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இளக்க வேண்டும். கொதித்துவிட்டால் வலு போய்விடும். 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்து மன்னன் தூதன்காமனின் கல்லறையிலிருந்த மரச் சாமான்களில்கூட இந்த வகைப் பசை இருந்தது.

பாலிலிருந்தும் மரப் பசை செய்யலாம். பாலைத் திரித்து எடுத்த கேசீனைச் சுண்ணாம்புடன் சேர்த்தால் பசை. இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த 'மாஸ்கிட்டோ' என்ற மர விமானத்தை முதலில் இதைக் கொண்டுதான் ஒட்டினார்கள். ஈரத்திலும் பூஞ்சணத்திலும் அது கெட்டுவிடுவதால், பின்னர் ரசாயனப் பிசினுக்கு மாறினார்கள்.

நான் வாங்கி வந்த வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட். 1912-ல் ஜெர்மானிய ரசாயனி ஃப்ரிட்ஸ் கிளாட்டெ கண்டது. நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள் நீரில் மிதக்கின்றன. நீரை மரம் குடித்ததும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. நம் நாட்டில் 1959-ல் ஃபெவிகால் வந்தபோது, காய்ச்சும் தொல்லையும் நாற்றமும் இல்லாத பசை என்று தச்சர்கள் வரவேற்றார்கள். புது மரத்துக்கு இது வெகு பொருத்தம். ஆனால் மரத்தின் துளைகளை வச்சிரம் ஏற்கெனவே அடைத்திருந்தால் இது எங்கே இறங்கும்?

சமையலறை, குளியலறைப் பலகைகளுக்கு இது போதாது. அங்கே ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டிய பிளைவுட் வேண்டும். கொதிநீருக்கும் அது அசையாது. வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பாருங்கள்.

இனி ஆசாரியார் செய்த வேலைக்கு வருவோம். மற்ற மூன்று கால்களையும் ஒருமுறை கழற்றிப் பூட்டிவிடலாம் என்றார். வெந்நீரில் நனைத்த துணியைப் பொருத்துக்களில் சுற்றினார். சிறிது நேரம் கழித்துக் கொட்டாப்புளியால் மெல்ல இரண்டு தட்டு. மூன்றும் காயமில்லாமல் கழன்றன. வச்சிரம் பிடித்த பிடியை ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். அதன் குறை என்று நான் நினைத்திருந்தது இதைத்தான். 1737-ல் காலமான இத்தாலியர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை இன்றைக்கும் திறந்து பழுது பார்க்க முடிவது இந்தக் குணத்தால்தான்.

நான் ஒட்டிய நாலாவது கால்? அங்கே உளிதான் பேசியது. அப்பா காலத்துத் தேக்கில் ஒரு விரல் அகலம் போயிற்று. அதற்கு ஈடாகப் புதுத் துண்டு ஒன்றைப் பதித்து, நான்கு கால்களையும் வச்சிரத்தாலேயே ஒட்டினார். அந்தத் துண்டு மட்டும் நிறம் வெளுத்துத் தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

பழைய சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் கழன்றால், முதலில் அதில் என்ன பசை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டப்பாவைத் திறக்கலாம்.

கிளம்பும்போது ஆசாரியார் அம்மாவிடம், "உட்காரத்தானேம்மா எங்கப்பா செஞ்சாரு? ஆடினா சொல்லி அனுப்புங்க. கழட்டி மறுபடி பூட்டிக்கலாம்" என்றார்.

அம்மா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், நம் பத்திரிகையின் தொடர்கதையைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வச்சிரம் எதிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் தொடர்கதையோடு நிறுத்திக்கொண்டால் பிழைத்தேன்!