மறுபடியும் பார்ப்பதற்கான அட்டை

கோடைப் பயணங்களுக்கான ஆலோசனைகள் வெளிவரும் இப்பருவத்தில், ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் ஆண்டு அட்டையைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகின்றனர்: எத்தனை இடங்களுக்குள் நுழைந்தால் அட்டைக்குக் கொடுத்த பணம் தேறும் என்பது அக்கணக்கு. இந்த வாரம் இப்பத்திக்குச் சினமூட்டியது அதுவே. அருங்காட்சியகத்தை ஒரே நாளில் நடந்து தீர்க்கும் வழக்கத்தை இப்பத்தி எவ்வளவு வெறுக்கிறது என்பதைத் தொடர்ந்து படிப்போர் அறிவர். அவ்வழக்கத்திலிருந்து மனிதரை விடுவிக்கக்கூடிய ஒரே கருவியையும் அதே ஓட்டத்துக்குப் பயன்படுத்தச் சொல்வது பொறுக்கத்தக்கதன்று.

நெதர்லாந்தின் மியூசியம்கார்ட் இதற்குச் சிறந்த சான்று. 1981இல் தொடங்கப்பட்ட இவ்வட்டை, ஏறத்தாழ மூன்று நான்கு பெரிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணத்துக்கு நிகரான விலையில், நாட்டிலுள்ள ஐந்நூறு அளவிலான அருங்காட்சியகங்களை ஓராண்டு முழுவதும் திறந்துவிடுகிறது. ஆனால் இது அந்நாட்டில் வசிப்போரை எண்ணி அமைக்கப்பட்டதாகையால், பதிவு செய்யப்படாத நிலையில் வழங்கப்படும் தற்காலிக அட்டை 31 நாள்களுக்கும் ஐந்து நுழைவுகளுக்கும் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பயணியின் கைக்கு வருவது பெரும்பாலும் அதுவே. அந்நாட்டு மக்களின் தேவைக்கென உருவான ஏற்பாட்டைச் சுற்றுலாக் கூட்டத்திடமிருந்து காக்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் நாள் வரம்பு ஒன்றே அதற்குப் போதும் என்பதும், நுழைவு வரம்பு தேவையற்றது என்பதும் இப்பத்தியின் உறுதியான கருத்து. ஐந்து நுழைவுகள் மட்டுமே உள்ளவர் ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவிடுவார். ஒரே பொருளைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு வெளியேறி, மறுநாள் அதையே வேறு வெளிச்சத்தில் பார்க்க வரும் துணிவு அவருக்கு வாராது.

அவ்வாறு மீண்டும் வந்து பார்க்க வேண்டிய இடங்களுள் முதன்மையானது, இவ்வட்டை செல்லுபடியாகும் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகமாகும். துணி வணிகரும் வங்கியாளருமான பீட்டர் டெய்லர் வான் டெர் ஹுல்ஸ்ட் 1778இல் விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்து, 1784இல் திறக்கப்பட்ட இதுவே அந்நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். இதன் கூடங்கள் நெடுங்காலம் பகல் வெளிச்சத்திலேயே பார்க்கப்பட்டு வந்தன.

இங்குள்ள ஒரு புதைபடிவத்தை, அதாவது பாறையில் பதிந்து எஞ்சிய தொல்லுயிரின் எலும்புகளை, சூரிச்சைச் சேர்ந்த யோகான் யாக்கோப் ஷாய்ஹ்ட்சர் 1726இல் ஊழிப் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதனின் எலும்புக்கூடு என்று அறிவித்திருந்தார். 1802இல் அருங்காட்சியகம் வாங்கிய அக்கல்லை, 1811இல் ஹார்லெமுக்கு நேரில் வந்த பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே கவனமாகச் செதுக்கி, மறைந்திருந்த முன்னங்கால்களை வெளிக்கொணர்ந்து, அது தவளைக்கு உறவான நீர்நில வாழ்வியாகிய சாலமாண்டரின் மாபெரும் இனம் ஒன்று என்று நிறுவினார்.

இதனினும் வியப்புக்குரியது பவேரியாவின் சுண்ணாம்புப் பாறையில் 1855இல் கிடைத்த இன்னொரு கல். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் மையர் 1857இல் அதை டெரோசார், அதாவது தோற்சிறகு கொண்ட பறக்கும் ஊர்வன, என்று வகைப்படுத்தினார். அதே அறிஞர்தாம் 1861இல், இறகும் பல்லும் ஒருங்கே கொண்ட தொல்பறவைக்கு ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பெயரைச் சூட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் ஆராய்ந்த கல்லை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. டெரோசார் என்ற பெயருடனேயே அக்கல் நூறாண்டுக்கு மேல் ஹார்லெமில் கிடந்தது. 1970இல் டெரோசார்களைப் பார்வையிட வந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம், கல்லைச் சாய்த்துப் பிடித்துச் சாளர வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி செய்தபோது, மெல்லிய இறகுத் தடங்களைக் கண்டு, அது ஆர்க்கியாப்டெரிக்ஸே என்று உணர்ந்தார். உண்மையைச் சொன்னால் கல்லை இரவல் தரமாட்டார்களோ என்று அஞ்சியும் அவர் மறைக்காமல் சொன்னதாகவும், கல்லோடு உள்ளே சென்ற காப்பாளர் அதைக் காலணிப் பெட்டியொன்றில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்ததாகவும் கூறுவர். பறவைகள் டைனோசார் வழிவந்தவை என்று ஆஸ்ட்ரம் அடுத்த ஆண்டுகளில் வாதிட்டு நிலைநிறுத்திய கொள்கைக்கு அந்தக் கல்லும் உரமாயிற்று. அதன் பெயர்மாற்றம் அத்துடன் முடியவில்லை: 2017இல் கிறிஸ்டியன் ஃபோத்தும் ஆலிவர் ரௌஹூட்டும் அதை மீண்டும் ஆராய்ந்து, ஆர்க்கியாப்டெரிக்ஸ் அன்று, பறவையை ஒத்த வேறொரு டைனோசார் என்று முடிவுசெய்து, ஆஸ்ட்ரமின் நினைவாக ஆஸ்ட்ரோமியா என்று பெயரிட்டனர்.

இதனால்தான், பிழையெனத் தெரிந்த பெயர்ச்சீட்டை அகற்றிவிட்டுப் புதியதை மட்டும் ஒட்டும் உலகளாவிய வழக்கத்தை இப்பத்தி தொடர்ந்து கண்டித்து வருகிறது. சாலமாண்டர் புதைபடிவத்தை வெறும் கல்லாகக் காணும் பார்வையாளருக்கு ஷாய்ஹ்ட்சரும் குவியேயும் அதில் எவற்றை எவ்வாறு பார்த்தனர் என்பது தெரிந்தால்தான், தாமும் குனிந்து அந்த முன்னங்கால்களைத் தேடத் தோன்றும். பழைய சீட்டுகளை ஆண்டு வரிசையில் பொருளின் அருகிலேயே வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சாண் இடம் போதும். ஹார்லெமின் அந்தச் சிறு கல்லுக்கு டெரோசார், ஆர்க்கியாப்டெரிக்ஸ், ஆஸ்ட்ரோமியா என மூன்று சீட்டுகள் வேண்டியிருக்கும். நான்காவதற்கும் சிறிது இடம் விட்டு வைப்பது நல்லது.