இரு பாதி, ஒரே மூளை

"நீ வலப்பக்க மூளைக்காரி, ஓவியம் வரும், கணக்கு வராது" என்று எங்களுள் சிலரிடம் சொல்லுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்க நிற்கும் எங்களுக்கு இது சிறு சொல் அன்று.

மூளை இரு பாதியாய் வேலையைப் பங்கிடுவது மெய்தான். இடப்பாதி வலக்கையை இயக்குகிறது; வலப்பாதி இடக்கையை. பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இட முன்பகுதி பழுதுற்றிருந்ததை 1861-இல் பாரிசில் மருத்துவர் புரோக்கா கண்டார். இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் நம் தலையில் அப்பாலம் அறுபடவில்லையே! சுமார் 20 கோடி நரம்பிழைகள் வழியே இரு பாதியும் ஓயாது உரையாடுகின்றன. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்தும், ஒரு பாதியே மேலோங்கிய மனிதர் உண்டு என்பதற்குச் சான்று காணவில்லை.

மார்கழியில் முதலியார்பேட்டைத் தெருக்களில் எம் அன்னையர் இடும் புள்ளிக்கோலத்தைப் பாருங்கள். எண்ணிக்கை தவறினால் கோலம் கூடாது. கண்ணளவு இல்லையேல் வளைவு அமையாது. எண்ணுபவரும் வரைபவரும் ஒருவரே அன்றோ?

பெற்றோரே, கணக்கில் நாங்கள் தவறினால் சொல்லித் தாருங்கள்; வராது என்று முன்னரே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.