கரையிலும் நடக்கட்டும் செவிலியர் பயிற்சி

பழவேற்காடு ஏரியில் பறிக்கூடையை வாயில் கவ்வியபடி, கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். சிப்பி கிழித்த விரலோடு மறுநாளும் அதே உப்புநீரில் இறங்கியாக வேண்டும். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்ற வழக்கமான அறிவுரை இங்கே செல்லாது. அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என எப்படி விசாரிப்பது என்பதையெல்லாம் செவிலியர் மாணவி நேரில்தான் கற்க முடியும். திருத்திச் சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலம் இது. சமுதாய நலச் செவிலியம் பாடத்திட்டத்திலும் உண்டு. ஆனால் அதற்கான களப்பயிற்சி வெறும் பதிவேட்டை நிரப்பும் சடங்காகிவிடக் கூடாது. பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மீனவக் குப்பங்களையும் நிரந்தரப் பயிற்சிக் களமாக்கி, ஒவ்வொரு குழுவுடனும் ஓர் ஆசிரியரை அனுப்பச் செவிலியர் கல்லூரிகளும் சுகாதாரத் துறையும் முன்வர வேண்டும்.